தைரியம் வேறு, துணிகரம் வேறு

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் மணி பன்னிரண்டு அடித்ததும் எல்லாரும் வரிசையில் நின்று வாக்குத்தத்த அட்டை எடுப்போம். உள்ளங்கை அளவு அட்டை, ஓரத்தில் ரோஜாப் படம், நடுவில் ஒரு வசனம். வீட்டுக்கு வந்ததும் அது பீரோ கண்ணாடியின் விளிம்பில் செருகப்படும். எங்கள் வீட்டில் அப்படி ஏழெட்டு வருடத்து அட்டைகள் சேர்ந்துவிட்டன. கண்ணாடியைத் துடைக்கும்போது ஒருநாள் அவற்றை எடுத்து வரிசையாக வாசித்தேன். ஆசீர்வதிப்பேன், கைவிடமாட்டேன், பெருகப்பண்ணுவேன், உயர்த்துவேன். எல்லாமே எனக்குக் கிடைக்கப்போவதைப் பற்றியவை. எழும்பிப் போ என்றோ, நீ செய் என்றோ சொல்லும் வசனம் ஒன்றுகூட அதில் இல்லை.

அட்டை அச்சடிக்கிறவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த வசனங்கள் என்னைப் பல ராத்திரிகளில் தாங்கியிருக்கின்றன. ஆனால் இருபது வருடம், முப்பது வருடம் விசுவாசத்தில் இருக்கிற ஒருவரின் கண்ணாடியிலும், போன மாதம் ஞானஸ்நானம் எடுத்த ஒருவரின் கண்ணாடியிலும் ஒரே மாதிரி அட்டைதான் இருக்கிறது என்றால், நடுவில் வளர்ந்தது என்ன என்ற கேள்வி வரத்தானே செய்யும்?

நம் சபைகளில் ஆவிக்குரிய முதிர்ச்சி உள்ளவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரி ஆளைத்தான் காட்டுவோம். அமைதியானவர். எந்த வசனத்தைக் கேட்டாலும் அதிகாரம், வசன எண்ணோடு சொல்வார். கோபப்பட மாட்டார். சபைக்குழுவில் யாராவது புதிதாக ஒன்றைத் தொடங்கலாம் என்றால், "ஜெபிப்போம் தம்பி, கர்த்தருடைய சித்தம் எப்படின்னு பார்ப்போம்" என்பார். தொடங்கலாம் என்று சொன்ன தம்பியைப் பற்றி வெளியே வந்து பேசிக்கொள்வோம்: "துடிப்பான பையன்தான், இன்னும் பக்குவம் வரல." இப்படி முதிர்ச்சியை ஒரு கரையிலும் முன்முயற்சியை எதிர்க்கரையிலும் நாமே நிறுத்திவிட்டோம். வயதும் அறிவும் கூடக்கூட ஒருவர் குறைவாகச் செய்ய வேண்டும் என்பது நம்முடைய எழுதப்படாத உபதேசமாகிவிட்டது. வேதம் அப்படிச் சொல்லவில்லை.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில், முழுமையான, முதிர்ந்த என்று பொருள்படும் 'தெலெயோஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை இடத்துக்கு இடம் வேறு வேறு விதமாகச் சொல்கிறது. மலைப்பிரசங்கத்தில் 'பூரண சற்குணர்'. எபேசியர் 4ஆம் அதிகாரத்தில் 'பூரண புருஷர்'. எபிரெயர் 5இல் 'பூரண வயதுள்ளவர்கள்'. 1 கொரிந்தியர் 2இலும் பிலிப்பியர் 3இலும் 'தேறினவர்கள்'. எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டது இந்தக் கடைசிச் சொல்தான். காய்ச்சலில் கிடந்த பிள்ளை தேறிவிட்டது என்கிறோம். பரீட்சையில் தேறினான் என்கிறோம். இரண்டிலும் ஒரு கஷ்டத்துக்குள் போய் மறுபக்கம் வந்த கதை இருக்கிறது. பரீட்சைக்கே போகாதவனைத் தேறினவன் என்று யாரும் சொல்வதில்லை.

எபிரெயர் நிருபம் இதை இன்னும் நேராகவே சொல்கிறது. அதை வாங்கி வாசித்தவர்கள் புதிய விசுவாசிகள் இல்லை. முன்பு விசுவாசத்துக்காகத் தங்கள் ஆஸ்திகளைக் கொள்ளைகொடுத்தவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் நிருபக்காரர், "காலத்தைப் பார்த்தால், போதகராயிருக்கவேண்டிய உங்களுக்கு" மறுபடியும் மூல உபதேசத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று ஆதங்கப்படுகிறார். இந்நேரம் கொடுக்கிறவர்களாக ஆகியிருக்க வேண்டியவர்கள் இன்னும் வாங்குகிறவர்களாகவே உட்கார்ந்திருக்கிறார்கள். பால், பலமான ஆகாரம் என்று அவர் பிரிப்பது இதைத்தான். ஆழமான வேதபாடம் கேட்டால் பலமான ஆகாரம் சாப்பிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அடுத்த வசனத்தில் அவர் சொல்வது வேறு: நன்மை எது, தீமை எது என்று பயிற்சியினால் பகுத்தறிய முயற்சிசெய்கிற ஞானேந்திரியங்களை உடையவர்களே பூரண வயதுள்ளவர்கள். 'முயற்சிசெய்கிற' என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது உடற்பயிற்சிக்கான சொல். இன்றைக்குத் தெருவுக்குத் தெரு இருக்கும் ஜிம் என்ற பெயரும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். எடை தூக்குவதைப் பற்றி எத்தனை வகுப்பு கேட்டாலும் தசை வளராது. தூக்கினால்தான் வளரும். பகுத்தறிவும் அப்படித்தான் என்கிறார் அவர். முதிர்ச்சி வந்த பிறகு செயலில் இறங்குவேன் என்று காத்திருப்பவருக்கு அந்த முதிர்ச்சி வருவதே இல்லை.

இதை நான் கண்ணால் பார்த்தது எங்கள் சபையில் ஒரு அக்கா மூலமாக. கடைசி பெஞ்சில் ஒரு தம்பதி வந்து உட்காருவார்கள். இருவருக்கும் காது கேட்காது. பாட்டு நேரத்தில் மற்றவர்கள் எழுந்தால் எழுவார்கள், உட்கார்ந்தால் உட்காருவார்கள். பிரசங்கம் முடியும்வரை முன்னால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வருடக்கணக்கில் நாங்கள் எல்லாரும் அவர்களுக்குச் சிரித்துத் தலையசைத்துவிட்டுப் போனோம். இந்த அக்கா ஞாயிறு பள்ளியில் சின்ன வகுப்புக்குப் பாடம் எடுப்பவர், பெரிய பேச்சாளர் எல்லாம் இல்லை. போனில் வீடியோ பார்த்துச் சைகை மொழி படிக்க ஆரம்பித்தார். நாலைந்து மாதம் கழித்து எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் போய் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "முன்னால, ஓரமா நிக்க ஒரு இடம் மட்டும் தாங்க ஐயரே."

முதல் வாரம் அவர் காட்டியதில் பாதி தப்பு. வீடியோவில் இருந்தது வேறு ஊர்ச் சைகை, அந்தத் தம்பதி பழகியது வேறு. 'கிருபை' என்ற சொல்லுக்கு அவர் காட்டியதை அந்த மனைவி பார்த்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் அக்காவின் விரல்களைத் தன் கையால் பிடித்து மடக்கி, நெஞ்சருகே கொண்டுபோய்த் திருத்திக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அக்கா மூன்று தடவை செய்து காட்டினார். மூன்றாவது தடவைதான் அந்தம்மா தலையசைத்தார். 'பயிற்சியினால்' என்ற சொல்லை அதன் பிறகு வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்கள்தான் ஞாபகம் வருகின்றன. சைகை மொழியில் பட்டயம் வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று அவர் இருந்திருந்தால், அந்தத் தம்பதி இன்னும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, முன்முயற்சி என்றால் மனதில் பட்டதைச் செய்துவிடுவதா? இல்லை. இங்கேதான் தமிழ் வேதாகமம் நமக்கு ஒரு நல்ல உதவி செய்கிறது. அதில் தைரியம் என்ற சொல் இருக்கிறது, துணிகரம் என்ற சொல்லும் இருக்கிறது. பேதுருவும் யோவானும் யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தின்முன் நின்றபோது அங்கிருந்தவர்கள் கண்டது தைரியம். அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தில் அதற்குள்ள கிரேக்கச் சொல், பழைய ஏதென்ஸில் ஒரு குடிமகன் மக்கள் மன்றத்தில் எதையும் மறைக்காமல் பேசும் உரிமையைக் குறித்தது. படிப்பறியாத மீனவர்கள் அந்த உரிமை தங்களுக்கு உண்டு என்று நம்பிப் பேசினார்கள். துணிகரம் வேறு. "துணிகரமான பாவங்களுக்கு உமது அடியேனை விலக்கிக்காரும்" என்று தாவீது கெஞ்சுவது 19ஆம் சங்கீதத்தில். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் ஒரு மனிதன் மற்றவர்கள் போகாத இடத்துக்குப் போகிறான்.

எண்ணாகமம் 13, 14ஆம் அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்தால் வித்தியாசம் பிடிபடும். கர்த்தர் வாக்களித்த கானான் தேசத்தை வேவு பார்க்கப் போன பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் முடியாது என்கிறார்கள். காலேப், உடனே போவோம், ஜெயித்துக்கொள்ளலாம் என்கிறான். ஜனங்கள் கேட்கவில்லை, அழுதார்கள். தண்டனை அறிவிக்கப்பட்டது. மறுநாள் காலையில் அதே ஜனங்கள் ஆயுதத்தோடு மலைக்கு ஏறுகிறார்கள். போகாதிருங்கள், கர்த்தர் உங்கள் நடுவில் இல்லை என்று மோசே சொல்லியும் போகிறார்கள். முறிய அடிக்கப்படுகிறார்கள். முந்தின நாள் காலேப் காட்டிய அதே மலை, அதே எதிரிகள். காலேப் ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டு பேசினான். இவர்கள் தங்கள் வெட்கத்தை மறைக்க ஏறினார்கள். அந்த ஏற்றத்தை வேதம் 'துணிந்தார்கள்' என்றுதான் எழுதுகிறது, ஆனால் உடன்படிக்கைப் பெட்டி பாளயத்தைவிட்டுப் போகவில்லை என்று சேர்த்து எழுதுகிறது.

என் இருபத்துமூன்றாவது வயதில் நானும் அப்படி ஒரு மலை ஏறினேன். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் மனது பொங்கி, நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்துக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு இலவச மாலை வகுப்பு தொடங்கினேன். பேனர் அடித்தோம், நோட்டுப் புத்தகம் வாங்கினோம். அங்கே இருந்தவர்கள் யாரிடமும் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் தன் வீட்டுத் திண்ணையில் பல வருடமாக அதே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தார் என்பது எனக்குத் தெரியாது. எங்களிடம் பிஸ்கட் கிடைத்ததால் பிள்ளைகள் இங்கே வந்தார்கள், திண்ணை காலியானது. மூன்று மாதத்தில் நண்பர்களுக்கு வேலை கிடைத்தது, எங்கள் வகுப்பும் நின்றது. திண்ணைக்குப் பிள்ளைகள் முழுதாகத் திரும்பவே இல்லை. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனேப்பா" என்றார். எனக்கு ஆர்வம் குறைவாக இருக்கவில்லை, ஜெபமும் இருந்தது. இல்லாமல் போனது அங்கே ஏற்கெனவே தேவன் யாரைக்கொண்டு என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்க்கும் கண்.

சவுல் ராஜாவின் மகன் யோனத்தானின் கதையில் இந்தக் கண் இருக்கிறது. 1 சாமுவேல் 14இல் சவுல் மிக்ரோனில் ஒரு மாதளமரத்தின்கீழ் இருக்கிறான். கூட அறுநூறு பேர். ஏபோத் என்ற ஆசாரிய உடையைத் தரித்த ஆசாரியனும் கூடவே இருக்கிறான். பதவி, படை, ஆவிக்குரிய ஆலோசகர் எல்லாம் அந்த மரத்தடியில்தான். முந்தின அதிகாரத்தின்படி இஸ்ரவேலில் வாள் வைத்திருந்ததே சவுலும் யோனத்தானும் மட்டும். அந்த நிலையில் யோனத்தான், எதிரிகளான பெலிஸ்தரின் காவற்படையிடம் போகலாம் வா என்று அழைத்துத் தன் ஆயுததாரியிடம் சொல்கிறான்: "ஒருவேளை கர்த்தர் நமக்காக ஒரு காரியம் செய்வார்." இந்த 'ஒருவேளை'யில்தான் அவன் முதிர்ச்சி தெரிகிறது. தேவனால் முடியும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அநேகம்பேரைக்கொண்டாகிலும் கொஞ்சம்பேரைக்கொண்டாகிலும் ரட்சிக்கக் கர்த்தருக்குத் தடையில்லை என்று அடுத்த மூச்சில் சொல்கிறான். இந்தத் தடவை, இந்த இடத்தில், என் மூலமாகச் செய்வார் என்று மட்டும் அவன் தேவனுக்குப் பதிலாக முடிவுசெய்துவிடவில்லை. எதிரிகள் 'ஏறி வாருங்கள்' என்றால் போவோம், 'நில்லுங்கள்' என்றால் நிற்போம் என்று ஓர் அடையாளமும் வைத்துக்கொள்கிறான். ஆயுததாரியை இழுத்துக்கொண்டு போகவில்லை, அவன் மனதைக் கேட்கிறான். அப்புறம்தான் கையாலும் காலாலும் தவழ்ந்து அந்தப் பாறையில் ஏறுகிறான்.

கர்த்தர் என்னிடம் நேரடியாகச் சொல்லிவிட்டார் என்று மேடையில் முழங்குகிறவர்களையும், கர்த்தர் இன்னும் சொல்லவில்லை என்று மாதளமரத்தடியில் இருக்கிறவர்களையும் நாம் நிறையப் பார்த்துவிட்டோம். ஒருவேளை என்று சொல்லிக்கொண்டு ஏறுகிறவர்கள் குறைவு.

காத்திருப்பதே தப்பா என்று கேட்கலாம். காத்திருப்பதிலும் இரண்டு வகை உண்டு. பெர்சிய ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்த நெகேமியா, எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்து கிடப்பதைக் கேள்விப்பட்டது கிஸ்லேயு மாதத்தில். ராஜாவிடம் வாய் திறந்தது நிசானில். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம் உபவாசம், ஜெபம். ராஜா, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதும் அவன் ஒரு கணம் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்துவிட்டு, உடனே எடுத்துவைக்கும் பட்டியலைப் பாருங்கள். எத்தனை நாள் விடுப்பு, நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்கு வழிவிடும்படி கடிதங்கள், வாசல் கதவுகளுக்கும் அலங்கத்துக்கும் மரம் கொடுக்கும்படி வனக்காவலாளன் ஆசாபுக்கு ஒரு கடிதம். வனக்காவலாளனின் பெயர்வரை தெரிந்து வைத்திருக்கிறான். நான்கு மாதம் அவன் முழங்காலில் மட்டும் இருக்கவில்லை, விசாரித்துக்கொண்டும் கணக்குப் போட்டுக்கொண்டும் இருந்திருக்கிறான். இது காத்திருத்தல். நான்கு வருடம் கழித்துக் கேட்டாலும் "பாரமா ஜெபிச்சிட்டு இருக்கோம்" என்பதைத் தவிர வேறு ஒரு விவரமும் கையில் இல்லையென்றால் அது காலம் கடத்துதல். அதற்குக் கர்த்தருடைய சித்தம் என்று பெயர் வைப்பது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

இதெல்லாம் வேதகாலத்துக் கதை, நம்மால் ஆகுமா என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கையைத்தான். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற ஊரில் 1874இல் ஒரு சபைப் போதகர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், ஆனால் பட்டம் வாங்கவில்லை. 1895இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வில் செயலராகச் சேர்ந்து ஊர் ஊராகப் போய் வாலிபர் மத்தியில் வேலை செய்தார். 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கேதான் அவர் மனதில் ஒன்று தைத்தது. யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து, தாங்களே ஆள் அனுப்பி, கடலுக்கு இந்தப் பக்கம் தமிழகக் கரையில் சுவிசேஷ வேலை செய்துவந்தார்கள். எண்ணிக்கையிலும் வயதிலும் திருநெல்வேலி சபை அவர்களைவிடப் பெரியது. காலத்தைப் பார்த்தால் போதகராயிருக்க வேண்டிய சபை. ஆனால் மிஷனெரி என்றால் கப்பலில் வரும் வெள்ளைக்காரர் என்ற நினைப்பிலேயே அது இருந்தது.

திரும்பி வந்தவர் அந்த உறுத்தலை ஆறப்போடவில்லை. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. அசரியாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது கொள்கை. வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்று முடிவு செய்தபோது, பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டவர்கள் இல்லாமல் இருந்திருப்பார்களா? நம் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்விக்குச் சமையலறையிலேயே பதில் உண்டு. உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. என் பாட்டி அதைச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அளந்த அரிசியிலிருந்துதான் எடுப்பார், மூட்டையிலிருந்து எடுக்க மாட்டார். அன்றைக்குச் சாப்பாட்டில் அந்த ஒரு பிடி குறையும். ஞாயிற்றுக்கிழமை கலயம் கோவிலுக்குப் போகும். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்பார்கள். வேலையில்லாத, கையில் காசு புழங்காத பெண்கள் நிறைந்த சபைகள் ஊழியத்தைத் தாங்கியதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கலயங்கள் இருக்கின்றன. முன்முயற்சி என்றால் பெரிய மேடையும் பெரிய தொகையும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

1905 டிசம்பர் 25 அன்று சேரம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியபோதும் அசரியா முன்னணியில் இருந்தார். ஆனால் என்னை அதிகம் அசைப்பது அடுத்த அடி. பாளையங்கோட்டையில் உருவான அந்த இந்திய மிஷனெரி சங்கம் தன் முதல் வேலைத்தளமாக எடுத்துக்கொண்டது நிஜாம் ராஜ்யத்தில், இன்றைய தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல் பகுதியை. செயலராக இருந்துகொண்டு மற்ற வாலிபர்களைப் போகச் சொல்வது அவருக்கு ஒரு கட்டத்தில் முடியாமல் போனது. 1909இல் நாடறிந்த ஒய்.எம்.சி.ஏ. பொறுப்பை விட்டு, குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு தோர்ணக்கலுக்குத் தானே போனார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்றுக்கொண்டார். அங்கே அவர் போய் நின்றது தீண்டாமைக்கு ஆளான மாலா, மாதிகா மக்களின் சேரிகளில். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போனார். தன் ஊர்க் கிறிஸ்தவர்களிடம் சாதி எவ்வளவு ஆழமாக இருந்தது என்பது தெரிந்த ஒருவர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள், அவர்களில் ஆசியர் இருபது பேர்கூட இல்லை. அந்த மேடையில் அசரியா, வெளிநாட்டு மிஷனெரிகளும் இந்திய ஊழியர்களும் பழகும் விதத்தைப் பற்றிப் பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். பலருக்கு அது சங்கடமாக இருந்தது. இதைத் தைரியம் என்று நான் சொல்வதற்குக் காரணம், அவர் கசப்பில் பேசவில்லை. 1 கொரிந்தியர் 13ஐ எடுத்து, அவர்களுடைய தியாகத்தை முதலில் ஒப்புக்கொண்டு, அதே வசனத்தாலேயே குறையையும் காட்டினார். பேசும்போது அவர் தோர்ணக்கலின் கிராமங்களிலிருந்து வந்திருந்தார். நண்பன் என்றால் என்ன என்பதை அங்கே தானே வாழ்ந்து கற்றுக்கொண்டிருந்தார்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா பவுலின் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அதற்கு வெள்ளைக்கார மிஷனெரிகளிடமிருந்து மட்டும் எதிர்ப்பு வரவில்லை, திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களிடமிருந்தும் வந்தது. அதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் அவர்கள் என் முன்னோர். இப்படி எதிர்ப்பு வந்தால் துணிகரக்காரன் இரண்டில் ஒன்று செய்வான்: பிரிந்து போய்த் தனிச் சபை கட்டுவான், இல்லையென்றால் மனம் உடைந்து நின்றுவிடுவான். அசரியா தோர்ணக்கலிலேயே இருந்தார். முப்பத்திரண்டு வருடம். அங்கே கட்டிய பேராலயம் 1939இல்தான் பிரதிஷ்டையானது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டபோது அதற்கு முன்நின்றவர்களில் அவரும் ஒருவர். கூடியிருந்தவர்களில் இரண்டு பேரைத் தவிர எல்லாரும் இந்தியர். அந்த ஐக்கியம் தென்னிந்தியத் திருச்சபையாக உருவானது 1947 செப்டம்பர் 27 அன்று. இருபத்தெட்டு வருடப் பேச்சுவார்த்தை. அசரியா 1945 ஜனவரி முதல் தேதியே காலமாகிவிட்டார். தொடங்குவதற்கு மட்டும் இல்லை, பலனைப் பார்க்காமல் உழைத்துக்கொண்டே இருப்பதற்கும் தைரியம் வேண்டும். முதிர்ச்சி இல்லாதவர்களால் தொடங்க முடியும், இருபத்தெட்டு வருடம் அதில் நிற்க முடியாது.

அசரியாவைப் பற்றிப் பேசும்போது பேராயர் பட்டத்தையும் எடின்பரோ மேடையையும்தான் எல்லாரும் சொல்வோம், நானும் சொன்னேன். தன்னைப்போல ஒருவர் போதும் என்று அவர் நினைக்கவே இல்லை. ஞானஸ்நானம் பெறும் கிராமத்து விசுவாசிகளுக்கு அவர் ஒரு வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார். எழுத்துத் தெரியாத மக்கள், ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கவும் உரிமை மறுக்கப்பட்டவர்கள். சபையில் தலைமேல் கை வைப்பது என்றால் வழக்கமாக அது பேராயரின் கை, ஐயரின் கை. குனிந்து பெற்றுக்கொள்ள வேண்டும். இங்கே ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தன் கையைத் தானே எடுத்து, ஈரம் காயாத தன் தலையின்மேல் தானே வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொண்டு தெலுங்கில் சொல்வார்கள்: நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ.